மேரி வார்டு அன்னையாரும் அவர்தம் முன்னோரும்

நமது பங்கின் ஜூபிலி மலரில் குடும்ப வரலாறுகளும் இடம்பெறும் என்று ஞாயிறு திருப்பலியில் அறிவித்த நாளிலிருந்து, அலுவலக அலமாரியிலுள்ள பழைய திருமுழுக்குப் பதிவேடுகளுக்கு ஓய்வே இல்லாமற் போயிற்று. பாட்டனார் பெயர், பூட்டனார் பெயர், அவர்களுக்கு ஞானத்தந்தையாய் நின்றவர் பெயர் என்று தேடி மாலைதோறும் ஒரு கூட்டம் வந்தது. பழைய குருக்கள் இலத்தீனில் எழுதிவைத்த வரிகளை நாம் படித்துச் சொல்ல, அவர்கள் குறித்துக்கொண்டார்கள். பங்கில் முந்திய குடும்பம் எது என்பதில் சிறிது வாக்குவாதமும் எழுந்தது. அதை இங்கே விரிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் எல்லாரும் கலைந்துபோன பின் வந்தார். தம் பாட்டனாரின் தம்பி ஒருவர் கொலை வழக்கொன்றில் சிறை சென்றவர் என்றும், குடும்ப வரலாற்றில் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடலாமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர் மேரி வார்டு அன்னையார்.

வார்டு என்றதும் நம் மக்களுக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். இது இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில் வழங்கிய ஒரு குடும்பப் பெயர். கல்கத்தாவில் அன்னை தெரேசா ஏழைகளுக்கென்று தெருவில் இறங்குமுன், ஏறத்தாழ 20 ஆண்டுகள் லொரேட்டோ கன்னியர் சபையில் வாழ்ந்தார் என்பதை நாம் அறிவோம். அந்த லொரேட்டோ சபைக்கு வேர் இந்த மேரி வார்டு. 2009 டிசம்பர் 19இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் இவருக்கு வணக்கத்துக்குரியவர் என்னும் நிலையை அளித்தார். ஆனால் இவருடைய குடும்ப மரத்தை வரைந்து பார்த்தால், அதில் சிறைக்கம்பி உண்டு, வெடிமருந்து உண்டு, துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்த தாய்மாமன்மார் உண்டு. இவற்றில் எதையும் விட்டுவிட்டு இவரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது நமது எண்ணம்.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். எலிசபெத் அரசி 1558இல் பட்டத்துக்கு வந்தபின், இங்கிலாந்தில் அரசு ஏற்படுத்திய திருச்சபை ஒன்றே சட்டப்படி செல்லும் என்றாயிற்று. ஞாயிறுதோறும் அந்த ஆலயத்துக்குப் போகாதவனுக்கு முதலில் 12 பென்ஸ் அபராதம். 1581இல் அது மாதத்துக்கு 20 பவுனாக உயர்த்தப்பட்டது. நிலபுலம் உள்ள குடும்பத்தையும் சில ஆண்டுகளில் தெருவுக்குக் கொண்டுவரக்கூடிய தொகை அது. 1585இல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வரும் குருவானவர் இராஜத் துரோகி என்றும், அவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவரும் மரணத்துக்குரியவர் என்றும் சட்டம் வந்தது. அதே 1585ஆம் ஆண்டு ஜனவரி 23இல், ரிப்பன் நகருக்கு அருகே மல்வித் என்னும் இடத்தில் மேரி வார்டு பிறந்தார்.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் முன்னோரைத் தேடுவது எளிதன்று. நமக்கிருப்பது போன்ற பதிவேடு அவர்களுக்கு இல்லை. குழந்தைக்கு இரகசியக் குருவானவர் இரவோடிரவாகத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். எழுதி வைத்தால் அந்தக் காகிதமே தூக்குக் கயிறாகும். ஆகவே இன்று ஆராய்வோர் இரண்டிடங்களில் தேடுகிறார்கள். ஒன்று, குலச்சின்னம் அணிய உரிமையுள்ள குடும்பங்களின் வம்சாவளியை எழுதிச் செல்ல அரசு அனுப்பிய அலுவலர்களின் ஏடுகள். யார்க்ஷயருக்கு இவர்கள் 1584-85இலும் 1612இலும் வந்தார்கள். மற்றொன்று, ஆலயத்துக்குப் போக மறுத்தவர்கள் என்று வழக்கு மன்றங்களில் எழுதப்பட்ட பட்டியல்கள், அபராதக் கணக்குகள். அழிக்க நினைத்தவர்கள் எழுதிய கணக்கிலிருந்துதான் அந்தக் குடும்பங்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன.

தந்தை மார்மடியூக் வார்டு. கிவன்டேல், நியூபி, மல்வித் ஆகிய இடங்களில் நிலமுள்ள குடும்பம். அண்டை அயலில் மதிப்பு இருந்தது. தாயார் பெயர் உர்சுலா. ரைட் குடும்பத்துப் பெண். இவர்களுக்குப் பிறந்த மூத்த மகளுக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் ஜோன். மேரி என்பது பிற்பாடு உறுதிபூசுதலில் இவரே எடுத்துக்கொண்ட பெயர். தந்தை வழியை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். கதை தாய்வழியில்தான் இருக்கிறது.

ஹம்பர் ஆறு கடலோடு கலக்கும் பக்கத்தில், ஹோல்டர்னஸ் என்னும் தாழ்ந்த சமவெளியில், வெல்விக் ஊரையொட்டி பிளவ்லேண்ட் என்ற பண்ணை வீடு. அதன் உடைமையாளர் இராபர்ட் ரைட். அவருடைய இரண்டாம் மனைவி, ஹேட்டன் ஊர் ரட்ஸ்டன் குடும்பத்து உர்சுலா. நம்மில் பாட்டி பெயரைப் பேத்திக்கு இடுவதுபோல, அவர்கள் தாயின் பெயரையே மகளுக்கு இட்டார்கள். தாய் உர்சுலா, மகள் உர்சுலா இருவரையும் கலந்து எழுதிவிடுவோரும் உண்டு. இந்த மூத்த உர்சுலாதான் மேரி வார்டின் பாட்டி. கத்தோலிக்க வேதத்தை விடமாட்டேன் என்று நின்றதற்காக இந்த அம்மையார் 14 ஆண்டுகள் சிறையிலிருந்தவர்.

14 ஆண்டுகள் என்பதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த நாளிலிருந்து அது சிலுவை அடையாளம் போடக் கற்று, புதுநன்மை வாங்கி, உறுதிபூசுதல் பெறும் வயது வரை ஆகும் காலம் அது. அந்தக் காலத்துச் சிறையில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கைதியே காசு கொடுக்க வேண்டும். வாரந்தோறும் போதகர்கள் வந்து வாதாடுவார்கள். ஒரே ஒருமுறை அரச ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் கதவு திறந்துவிடும். போகவில்லை.

மேரிக்கு ஐந்து வயதானபோது, பெற்றோர் அவரை இந்தப் பாட்டியிடம் கொண்டுபோய் விட்டார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அங்கே வளர்ந்தார். பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, பாட்டி உறங்கித் தாம் பார்த்த நினைவே இல்லை என்ற பொருள்பட எழுதுகிறார். இரவில் தாம் கண்விழித்த போதெல்லாம் அந்த அம்மையார் செபத்தில் இருந்தாராம். பாட்டியின் பக்கத்தில் படுத்து உறங்கிய குழந்தையின் நினைவு அது. நம் வீடுகளிலும் விடியற்காலையில் கட்டிலின் ஓரத்தில் செபமாலை உருளும் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. சிறையிலிருக்கும் கத்தோலிக்கருக்கு உணவும் பணமும் அனுப்புவதை அந்த அம்மையார் கடைசி வரை விடவில்லை. தாம் 14 ஆண்டுகள் பட்ட பசி அவருக்குத் தெரியும்.

பத்து வயதில் மேரி வீடு திரும்பினார். 1595 பிப்ரவரி 2, ஆண்டவர் காணிக்கையாக்கப்பட்ட திருநாளன்று மல்வித் வீடு தீப்பற்றி எரிந்தது. வீட்டார் எல்லாரும் ஓடி வெளியே வந்தபின் எண்ணிப் பார்த்தால் மேரியும் தங்கைகளும் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஓர் அறையில் முழந்தாளிட்டு, தேவதாயிடம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தந்தை தீக்குள் பாய்ந்து இழுத்து வந்தார். ஜெர்மனியின் ஆவுக்ஸ்பர்க் நகரில் இன்றும் காக்கப்படும், இவருடைய வாழ்வைச் சித்திரிக்கும் 50 ஓவியங்களில் இந்நிகழ்ச்சியும் ஒன்று. ஓடுகிற வேளையில் ஓட வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதுதான். என்றாலும் அந்தச் செபம் பாட்டி வீட்டிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

வேதகலாபனை கடுமையாக இருந்தபடியால், பிள்ளைகள் உறவினர் வீடுகளில் மாறி மாறி வைக்கப்பட்டார்கள். ஹேர்வெல்லில் ஆர்டிங்டன் அம்மையாரிடம் சிறிது காலம். இவர் ரிப்ளி ஊர் இங்கிள்பி குடும்பத்தில் பிறந்தவர். அந்த இங்கிள்பி குடும்பத்து பிரான்சிஸ் குருவானவர் 1586 ஜூனில் யார்க் நகரில் மறைசாட்சியாகக் கொல்லப்பட்டவர். அவருக்கும் வேறு குருக்களுக்கும் அடைக்கலம் கொடுத்தார் என்ற வழக்கில்தான், அதே ஆண்டு மார்ச் 25இல், யார்க் நகர இறைச்சிக் கடைக்காரரின் மனைவியான புனித மார்கரெட் கிளித்ரோ, மேலே பலகை வைத்து அதன்மீது பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அப்போது மேரி வார்டு 14 மாதக் குழந்தை. இது ஏதோ தூர தேசத்துச் செய்தியாக அவர் காதில் விழவில்லை. வீட்டுக் கூடத்தில் உறவுமுறை சொல்லிப் பேசப்பட்டது.

1600 அளவில் ஆஸ்காட்பி என்னும் இடத்தில் பாப்தார்ப் குடும்பத்தாரிடம் அனுப்பப்பட்டார். சர் ரால்ப் பாப்தார்ப், அவர் மனைவி கிரேஸ் அம்மையார். இவரும் வேதத்துக்காகச் சிறை கண்டவர், பிற்காலத்தில் விதவையாகி லூவேன் நகரில் துறவியானவர். அந்த வீட்டில் மார்கரெட் காரெட் என்ற வயது முதிர்ந்த பணிப்பெண் இருந்தாள். இருவரும் தையல் வேலை செய்துகொண்டிருக்கையில், மடங்கள் மூடப்படுவதற்கு முந்திய நாளில் வாழ்ந்த ஒரு கன்னிகையின் தவறையும், அவள் செய்த கடுந்தவத்தையும் அந்தக் கிழவி கதையாகச் சொன்னாள். 15 வயது மேரியின் உள்ளம் அன்று துறவறத்தின்மேல் பற்றிக்கொண்டது. பெரிய மறைவல்லுநர் எவரும் அல்லர், சமையற்கட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்த ஒரு வேலைக்காரி செய்த காரியம் இது. வம்சாவளி எழுதுவோர் இவளை எந்தக் கிளையில் எழுதுவார்கள் என்று நாம் சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனி மாமன்மாருக்கு வருவோம். பிளவ்லேண்ட் வீட்டில் பிறந்த ஜான் ரைட்டும் கிறிஸ்டோபர் ரைட்டும் மேரியின் தாயாருக்கு உடன்பிறந்தவர்கள். யார்க் நகரில் புனித பேதுரு பள்ளியில் கைடோ பாக்ஸ் என்பவருடன் படித்தவர்கள். வாள் வீச்சில் ஜானுக்குப் பெயர். இவர்களுடைய சகோதரி மார்த்தாவை மணந்தவர் தாமஸ் பெர்சி. இங்கே ஒரு சொல்: 1572இல் யார்க்கில் தலை வெட்டப்பட்டு, 1895இல் முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவிக்கப்பட்ட தாமஸ் பெர்சி வேறு, அவர் நார்தம்பர்லாந்து பிரபு. பெயர் ஒன்றென்று ஆளை ஒன்றாக்கிவிடக் கூடாது. நம் பதிவேட்டில் எத்தனை அந்தோணிசாமி, எத்தனை ஆரோக்கியசாமி என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1603இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் பட்டத்துக்கு வந்தபோது கத்தோலிக்கருக்கு விடிவு வரும் என்று நம்பினார்கள். வரவில்லை. இராபர்ட் கேட்ஸ்பி என்ற இளம் பிரபு, பாராளுமன்றம் கூடும் நாளில் அரசரையும் பிரபுக்களையும் கட்டடத்தோடு தகர்த்துவிடத் திட்டமிட்டார். அவர் தம் எண்ணத்தை முதன்முதல் சொன்ன ஓரிருவரில் ஜான் ரைட் ஒருவர். 1604 மே மாதம் இலண்டன் விடுதி ஒன்றில் கூடிய ஐவரில் ஜான் ரைட், தாமஸ் பெர்சி, கைடோ பாக்ஸ் மூவரும் இருந்தார்கள். மறு ஆண்டு கிறிஸ்டோபரும் சேர்ந்தார். மேலே சொன்ன இங்கிள்பி குடும்பத்து மகள் ஜேன் பெற்ற பிள்ளைகளான இராபர்ட் வின்டர், தாமஸ் வின்டர் சகோதரர்களும் இதில் இருந்தார்கள். அதாவது, மறைசாட்சி பிரான்சிஸ் இங்கிள்பியின் சொந்த மருமக்கள்.

பாராளுமன்றத்துக்குக் கீழே நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்து. 1605 நவம்பர் 5 விடியுமுன் கைடோ பாக்ஸ் பிடிபட்டார். மற்றவர்கள் குதிரையேறி மேற்கே ஓடினார்கள். ஸ்டாபர்டுஷயரில் ஹோல்பீச் என்னும் வீட்டில் ஒளிந்து, மழையில் நனைந்த மருந்தைக் கணப்பின் முன்னே பரப்பி உலர்த்தினார்கள். பொறி பறந்து அது பற்றிக்கொண்டது. அரசருக்கென்று வைத்த நெருப்பு அவர்கள் முகத்தையே சுட்டது. நவம்பர் 8இல் ஷெரிபின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்து சுட்டதில் கேட்ஸ்பி, பெர்சி, ரைட் சகோதரர் இருவர் ஆக நால்வரும் மாண்டார்கள். பிடிபட்டவர்களை 1606 ஜனவரி இறுதியில் கொன்றார்கள். அவ்வேளையில் அந்தப் பக்கம் சென்றிருந்த மேரியின் தந்தையும் பிடித்து விசாரிக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டார்.

இந்தச் சதியை நாம் எவ்விதத்திலும் நியாயப்படுத்த மாட்டோம். குற்றமற்ற எத்தனையோ பேரைக் கொல்ல நினைத்த கொடுஞ்செயல் அது. அதன் விளைவும் கத்தோலிக்கர் தலையிலேயே விழுந்தது. 1606இல் புதிய சட்டங்கள், புதிய ஆணைப் பிரமாணம். அந்நாட்டில் கத்தோலிக்கர் என்றால் வெடிமருந்துக்காரர் என்ற பேச்சு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. 14 ஆண்டு சிறையிலிருந்த தாயைப் பார்த்து வளர்ந்த மகன்கள் இவர்கள். அதே தாயைப் பார்த்து வளர்ந்த பேத்தி மேரி. ஒரே அடுப்பங்கரை, ஒரே செபமாலை. மாமன்மாருக்குத் தாயின் துன்பம் பழியாக மாறிற்று. பேத்திக்கு அது பொறுமையாக மாறிற்று. ஏன் அப்படி என்று நம்மைக் கேட்டால், குருமடத்தில் நாம் படித்த நூல்களில் அதற்கு முழு விடையில்லை என்றே சொல்வோம்.

மாமன்மார் இறந்தபோது மேரிக்கு வயது 20. திருமண வரன்கள் வந்தபடி இருந்தன. அவற்றுள் ஒருவர் வெஸ்ட்மர்லாந்து பிரபு பட்டத்துக்கு உரிமை கோரிய எட்மண்ட் நெவில். கத்தோலிக்கப் பெருங்குடும்பம் ஒன்று தழைக்குமே என்று தந்தையும் விரும்பினார், ஆன்ம குருவான ஹோல்ட்பி என்ற சேசுசபைக் குருவும் விரும்பினார். ஒருநாள் இலண்டனில் இரகசியத் திருப்பலியின்போது அவர் கையிலிருந்த பாத்திரம் சாய்ந்து சிந்திவிட்டது. திருப்பலி முடிந்து, நனைந்த துணியை உலர்த்த மேரி உதவிக்கொண்டிருக்கையில், இனி இவள் துறவறத்துக்கு நான் தடை சொல்லமாட்டேன் என்று அவர் முடிவுக்கு வந்தார் என்பது வரலாறு. 1606இல் மேரி கடல் கடந்து, ஸ்பானிய அரசின் கீழிருந்த பிளாண்டர்ஸ் நாட்டில் செயிண்ட் ஓமேர் நகர் சேர்ந்தார்.

அங்கே ஏழைக் கிளாரா மடத்தில் தெருத்தெருவாகப் பிச்சை வாங்கிவரும் வெளிச்சகோதரியாக வாழ்ந்தார். பிறகு தம் சீதனப் பணத்தைக் கொண்டு ஆங்கிலப் பெண்களுக்கென்றே ஒரு கிளாரா மடத்தை நிறுவினார். அங்கும் தம் அழைத்தல் அதுவன்று என்று உணர்ந்து 1609இல் வெளியேறினார். அதே ஆண்டு இலண்டனில் கண்ணாடி முன் தலைவாரிக்கொண்டிருக்கும்போது, இறைவன் தமக்குக் குறித்திருப்பது வேறொரு வழி, அது அவருக்கு மிகுந்த மகிமை தருவது என்ற ஒளி கிடைத்தது. அந்த வழி 1611இல் தெளிவாயிற்று: இஞ்ஞாசியார் ஆண்களுக்குச் செய்ததைப் பெண்களுக்குச் செய்வது. மதில் அடைப்பு இல்லை. தனி உடுப்பு இல்லை. ஆயரின் கீழன்றி, தங்களுக்குள் தெரிந்தெடுத்த தலைவியின் கீழ், பாப்பரசருக்கு நேரடியாகக் கீழ்ப்படிந்து, பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது.

கன்னியர் மதிலுக்குள் அடைபட்டே வாழ வேண்டும் என்று திரிதெந்தீன் சங்கம் 1563இல் விதித்திருந்தது. ஆக, இது எவ்வளவு துணிந்த காரியம் என்பது நம் பங்கின் பள்ளிக்கூடத்தில் சைக்கிளில் வந்து பாடம் நடத்தும் சகோதரிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு உடனே விளங்காது.

இவருடன் சேர்ந்த பெண்கள் யார் என்று பார்த்தால், மறுபடியும் குடும்ப மரமே விரிகிறது. உடன்பிறந்த தங்கை பார்பரா வார்டு, பாப்தார்ப் வீட்டு மகள் பார்பரா பாப்தார்ப், வினிபிரட் விக்மோர், மேரி பாயின்ட்ஸ். சதியில் சேர்ந்து 1606இல் கொல்லப்பட்ட அம்புரோஸ் ரூக்வுட்டின் குடும்பத்துப் பெண் சூசன் ரூக்வுட்டும் இருந்தார்; நேப்பிள்ஸ் மடத்துத் தலைவியாக 1624இல் மரித்தார். ஆண்கள் வெடிமருந்துப் பீப்பாய் சுமந்த அதே வீடுகளிலிருந்து பெண்கள் பாடப்புத்தகம் சுமந்து வந்தார்கள். இலண்டனில் மாறுவேடத்தில், ஒருநாள் பட்டுடுத்திய சீமாட்டியாக, மறுநாள் வேலைக்காரியாக, வேதம் சோர்ந்த வீடுகளுக்குள் போய்த் திருவருட்சாதனங்களுக்கு மக்களை ஆயத்தம் செய்தார்கள். கேன்டர்பரி பேராயர் இந்த ஒரு பெண் பல சேசுசபைக் குருக்களைவிட அதிகக் கேடு செய்கிறாள் என்று குறைப்பட்டாராம். மேரி ஒருநாள் அவருடைய மாளிகைக்கே போய், அவர் இல்லாததால் சன்னல் கண்ணாடியில் வைரத்தால் தம் பெயரைக் கீறிவிட்டு வந்தார் என்று சொல்லப்படுகிறது. இந்த இடத்தில் மட்டும் ஜான் மாமனின் சாயல் தெரிகிறது என்று நமக்குத் தோன்றும்.

பள்ளிகள் பெருகின. லியேஜ், கொலோன், டிரியர் என்று மடங்கள் எழுந்தன. சபைக்குப் பாப்பரசரின் ஒப்புதல் வாங்க, 1621 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸிலிருந்து புறப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, பெரும்பாலும் கால்நடையாகவே, கிறிஸ்மஸ் முந்திய நாள் உரோமை சேர்ந்தார். நேப்பிள்ஸ், பெருஜியா, மியூனிக், வியன்னா, பிரஸ்பர்க் நகரங்களிலும் மடங்கள் ஏற்பட்டன. ஆனால் ஒப்புதல் வரவில்லை. இங்கிலாந்துக் குருக்களில் ஒரு சாரார் இவர்களை ஊர்சுற்றும் பெண்கள் என்று உரோமைக்கு எழுதினார்கள். பெண்கள்தானே, ஆரம்ப ஊக்கம் ஆறினால் அடங்கிவிடுவார்கள் என்று சொன்ன குருக்களும் உண்டு. குருவாகிய நாம் இதை எழுதும்போது சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

1631 ஜனவரி 13இல் பாப்பரசர் எட்டாம் உர்பன் கையொப்பமிட்ட ஆணை இந்தச் சபையை வேரோடு கலைத்தது. பிப்ரவரி 7இல் மேரி வார்டு பதிதர், திருச்சபையைப் பிளப்பவர், கலகக்காரர் என்ற குற்றச்சாட்டில் மியூனிக் நகரில் கைது செய்யப்பட்டு, அங்குள்ள கிளாரா மடத்தில் சன்னல் அடைத்த ஒரு சிற்றறையில் வைக்கப்பட்டார். பாட்டியை அடைத்தவர்கள் கத்தோலிக்க வேதத்தின் பகைவர்கள். பேத்தியை அடைத்தது, எந்தத் திருச்சபைக்காகப் பாட்டி 14 ஆண்டு சிறையிருந்தாரோ அந்தத் திருச்சபை.

இதை மறைத்து எழுதுவோரும் உண்டு, நாம் மறைக்கவில்லை. அந்த அறைக்குள் அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். வெளியிலிருக்கும் சகோதரிகளுக்கு, சாமான் சுற்றிவரும் தாளில் எலுமிச்சைச் சாற்றால் எழுதினார். தாளை நெருப்பில் காட்டினால் எழுத்துத் தெரியும். அந்தக் கடிதங்களில் சிலவற்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். யார்மேலும் கசப்பு வேண்டாம், பகைவருக்காகச் செபியுங்கள் என்பதே அவற்றின் போக்கு. நோய் முற்றி இறக்கும் நிலை வந்தபோது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பொருள்பட்ட ஒரு தாளில் கையொப்பமிட்டால் அவஸ்தைப்பூசுதல் கொடுப்போம் என்றார்கள். தாம் பதிதர் அல்லர் என்று மறுத்துவிட்டார். அதற்காகக் கடைசி அருட்சாதனம் இன்றிச் சாகவும் ஆயத்தமானார். பாட்டியும் ஒரேயொரு முறை ஆலயத்துக்குப் போய் உட்காராமல் மறுத்தார் என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு: சபையைக் கலைக்கும் ஆணைக்கு மேரி கீழ்ப்படிந்தார், தம்மைப் பதிதர் என்ற பொய்க்கு மட்டுமே இணங்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் விடுதலை வந்தது. மறு ஆண்டு உரோமையில் பாப்பரசர் முன் முழந்தாளிட்டுத் தாம் பதிதரா என்று கேட்டபோது, இல்லை என்று உர்பன் பாப்பரசரே சொன்னார். சபை மட்டும் கலைந்தது கலைந்ததுதான்.

1637இல் உரோமையை விட்டுப் புறப்பட்டு, 1639இல் இங்கிலாந்து சேர்ந்தார். உள்நாட்டுப் போர் மூண்டதும் சில தோழியருடன் யார்க்ஷயருக்கே போனார். 1644இல் யார்க் முற்றுகையின் பீரங்கி ஓசைக்கு நடுவே இருந்து, நகருக்கு வெளியே ஹீவொர்த் என்ற இடத்தில் 1645 ஜனவரியில் மரித்தார். அந்நாட்டில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி 20ஆம் நாள்; நமது நாட்காட்டிப்படி 30. கத்தோலிக்கரை நல்லடக்கம் செய்வதே தொல்லையாயிருந்த காலம். ஆஸ்பால்ட்விக் ஊர் ஆங்கிலிக்கன் குருவானவர் பணம் வாங்கிக்கொண்டு தம் ஆலயத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். கைக்கூலி வாங்கும் அளவுக்கு நேர்மையானவர் என்று தோழியர் அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டார்களாம். கல்லறைக் கல் இன்று அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் சபையின் பெயர் இல்லை. ஏழைகளை நேசித்தவர் என்பதும், 60 ஆண்டும் 8 நாளும் வாழ்ந்தவர் என்பதும் இருக்கின்றன.

அவருக்குப் பின் பார்பரா பாப்தார்ப், அவருக்குப் பின் மேரி பாயின்ட்ஸ் என்று அந்தக் குடும்பப் பெண்களே எஞ்சியதைக் காத்தார்கள். 1686இல் பிரான்செஸ் பெடிங்பீல்டு அம்மையார் யார்க் நகர வாயிலுக்கு வெளியே நிறுவிய மடம் இன்றும் நிற்கிறது. புனித மார்கரெட் கிளித்ரோவின் கை அங்கேதான் காக்கப்படுகிறது. 1703இல் விதிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் 1749இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர், மேரி வார்டை நிறுவியவர் என்று சொல்லக் கூடாது என்று ஆணையிட்டார். சொந்தப் பிள்ளைகள் தாயின் பெயரைத் தாய் என்று எழுத முடியாத நிலை 160 ஆண்டுகள் நீடித்து, 1909இல் பத்தாம் பத்திநாதர் காலத்தில்தான் நீங்கிற்று. இதற்கிடையே ஜெர்மன் கிளைக் கன்னியர் 1853இல் பாட்னாவுக்கு வந்துவிட்டார்கள். யார்க் மடத்தில் படித்த தெரேசா பால் அம்மையார் அயர்லாந்தில் தொடங்கிய லொரேட்டோ கிளையினர் அதற்கு முன்பே, 1841இல், கல்கத்தாவில் இறங்கியிருந்தார்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன், மேலே சொன்ன அன்பரை வரவழைத்து இந்தக் கட்டுரையின் கைப்பிரதியைக் கொடுத்தோம். பலகையில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் குடும்ப வரலாற்றில் ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். மற்றபடி, பதிவேடு பார்க்க விரும்புவோர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் வரலாம். ஏடுகள் மிகவும் நைந்திருப்பதால், விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.